பேப்பரை, அதாவது ராஜினாமாவை, நாமே போடுவதா, கம்பெனி போட வைக்கும் வரை உட்கார்ந்திருப்பதா?

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐடி கம்பெனியில் நாலு வருஷம் அஞ்சு மாசம் ஓட்டியிருந்தேன். கோடிங் எழுத ஆசைப்பட்டுச் சேர்ந்தவனை சப்போர்ட் டீமில் போட்டு, ராத்திரி ஷிஃப்டில் புகார் டிக்கெட்களைத் தீர்த்து மூடச் சொன்னார்கள். முதல் வருஷம் பொறுத்துக்கொண்டேன், இரண்டாம் வருஷம் டீம் மாற்றக் கேட்டேன், மூன்றாம் வருஷத்திலிருந்து எனக்கே வேலையில் மனசு இல்லாமல் போய்விட்டது. அப்ரைசலில் கடைசி ரேட்டிங். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலண்டரில் ஒரு மீட்டிங் வந்து உட்கார்ந்தது: மேனேஜர், நான், மூன்றாவதாக ஹெச்ஆர். தலைப்பு எதுவும் இல்லை. அறுபது நாள் பிஐபி: இந்த நாளுக்குள் வேலையில் முன்னேற்றம் காட்டு, இல்லையென்றால் வெளியே போ என்று கம்பெனி வைக்கும் கெடு.

அன்று ராத்திரி வீட்டில் இரண்டு கட்சி. மதுரை நண்பன் போனில், "மாப்ள, அவிங்க அனுப்புறதுக்கு முன்னாடி நீ பேப்பரைப் போட்டுரு, டெர்மினேட்னு ஒரு தடவை விழுந்துச்சுன்னா அவ்வளவுதான்" என்றான். அப்பாவோ அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். "அவனா போகச் சொல்ற வரைக்கும் நீ ஏன்டா போற?" என்றார். அவர் உலகத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்க வேண்டுமென்றால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், விசாரணை அதிகாரி வருவார், வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்குள் மனுஷன் ரிட்டயரே ஆகிவிடுவான்.

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. ஐடி கம்பெனியில் 'டிஸ்மிஸ்' என்ற சொல்லோடு கடிதம் வருவது அபூர்வம். எனக்கு முன்னால் பிஐபியில் மாட்டிய சக ஊழியர் சொன்னது: சின்ன ரூம், மேஜையில் டிஷ்யூ பெட்டி, ஹெச்ஆர் லேப்டாப்பை இவர் பக்கம் திருப்பி, "நீங்களே ரிசைன் பண்ணிட்டா உங்களுக்குத்தான் நல்லது சார்" என்கிறார். போர்ட்டலில் காரணம் கேட்கும் கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று ஏற்கெனவே தேர்வு செய்து வைத்திருக்கிறது. இவர் செய்ய வேண்டியது ஒரு கிளிக். ஆக, முந்திக்கொண்டாலும் காத்திருந்தாலும் பெரும்பாலும் முடிவில் இருப்பது ஒரே ராஜினாமாதான். தேதியை யார் குறிக்கிறார்கள், அதுவரை எத்தனை மாதச் சம்பளம் என்பதில்தான் இரண்டு வழிக்கும் வித்தியாசம்.

அந்தக் கணக்கை மளிகைக் கடை பில்லின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். கையில் வரும் சம்பளம் 61,000. நோட்டீஸ் பீரியட், அதாவது பேப்பர் போட்ட பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள்.

காத்திருந்தால்: பிஐபி 60 நாள், தோற்றால் அன்றே வெளியே, எங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதியிருந்தபடி ஒரு மாதச் சம்பளம். மொத்தம் மூன்று மாதம், 1,83,000.

மறுநாளே பேப்பர் போட்டால்: நோட்டீஸ் 90 நாள். அதே மூன்று மாதம், அதே 1,83,000. ரெண்டும் ஒன்றாக வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்காகவா ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன்?

ஆனால் பிஐபியின் நடுவில், அஞ்சாவது வாரத்தில் போட்டால்? 34 நாள் பிஐபி, மேலே 90 நாள் நோட்டீஸ். நாலு மாதத்துக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். இந்த மூன்றாவது வரியை இரண்டு கட்சியுமே யோசித்திருக்கவில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. பல ஆஃபர் லெட்டரில், ராஜினாமா வந்த பிறகு கம்பெனி விரும்பினால் நோட்டீஸ் முடியும் முன்பே விடுவிக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். சிலதில் அப்படி அனுப்பினால் பேசிக் சம்பளம் மட்டும்தான். சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துப் படிக்காமல் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடை, இன்னொரு முக்கியமான முடிச்சு. சட்டப்படி அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். ஆனால் அஞ்சாம் வருஷத்தில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் அலுவலகம் என்றால் 190 வேலை நாள். என் நிலைமையில் பிஐபி முடிவில் அனுப்பினால் அந்தக் கோட்டைத் தொட மாட்டேன். அஞ்சாவது வாரத்தில் பேப்பர் போட்டு நோட்டீஸ் முழுக்க இருந்தால் தாண்டிவிடுவேன். பேசிக் 27,000, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அஞ்சு வருஷத்துக்குப் பார்த்தால் 77,885 ரூபாய். (ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருஷமாகக் கணக்காகும்.) வேலை சரியில்லை என்று நீக்கினால் கிராஜுவிட்டி போய்விடும் என்று ஒரு பயம் உலவுகிறது. அப்படி இல்லை. நாசவேலை, அடிதடி, ஒழுக்கக்கேடான குற்றம் மாதிரியான காரணங்களில்தான் அதில் கை வைக்க முடியும்.

காத்திருக்கும் கட்சிக்கும் நியாயமான இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன் 41-வது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. மேல்முறையீடும் உண்டு; நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தாது. 2015 ஜனவரியில் கர்ப்பிணியாக இருந்த ஒரு ஐடி ஊழியரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. கர்ப்பமாக இருப்பவர்களும், மகப்பேறு விடுப்பில் இருப்பவர்களும் அவசரப்பட்டு அந்த ஒரு கிளிக்கைச் செய்துவிடக் கூடாது. ராஜினாமா உங்கள் மெயிலிலிருந்து போய்விட்டால் மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழுகிறது.

சம்பளம் 21,000-க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கும் காத்திருப்பதில் லாபம் இருக்கலாம். 2018-ல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவில் வேலை போனவருக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். தானாக ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் கிடையாது. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம், அதனால் இஎஸ்ஐ அலுவலகத்தில் கேட்டுவிட்டு நம்புங்கள்.

அப்புறம் எல்லோரும் சொல்லும் உத்தம வழி: சத்தமில்லாமல் வேலை தேடு, ஆஃபர் வந்ததும் போ. கேட்க நன்றாக இருக்கிறது. நான் முயன்று பார்த்தேன். பிஐபியில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேட்டஸ் ஷீட் நிரப்ப வேண்டும், நடுவில் இன்டர்வியூ. அவசர வழிப் படிக்கட்டில், நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் நின்றுதான் போன் எடுப்பேன். கன்சல்டன்சிப் பெண் பேரைக் கேட்டதும் அடுத்த கேள்வியே, "நோட்டீஸ் எத்தனை நாள் சார்? செர்விங்கா?" என்பதுதான். பேப்பர் போட்டு நோட்டீஸில் இருக்கிறீர்களா என்று அர்த்தம். தொண்ணூறு நாள், இன்னும் போடவில்லை என்றதும், "ப்ரொஃபைலை ஷேர் பண்றேன் சார்" என்று வைத்துவிடுவார். ஒரு மாதத்தில் இப்படிப் பதினொரு போன். பேப்பர் போட்ட பிறகு நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் 'நோட்டீஸில் இருக்கிறார்' என்று மாற்றினேன், கடைசித் தேதியையும் போட்டேன். அதே ரெஸ்யூமேதான்; அந்த வாரத்திலேயே மூன்று இடத்தில் இன்டர்வியூ வரைக்கும் போனது. நோட்டீஸ் முப்பது நாள்தான் என்றால் கதை வேறு. அங்கே ஆஃபர் கையில் வராமல் போடுவது தற்கொலை.

நாலாவது வழி ஒன்று உண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவது. சிலர் லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பிவிட்டு போனை அணைத்துவிடுவார்கள். ரிலீவிங் லெட்டர் வராது, ரெக்கார்டில் 'அப்ஸ்காண்டிங்', அதாவது சொல்லாமல் ஓடியவர், என்று விழும். ஒப்பிடும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

நான் செய்தது இதுதான். அஞ்சாவது வாரம் மேனேஜரிடம் தனியாகப் பேசினேன். "எனக்கு இந்த வேலை ஒத்துவரலை சார், உங்களுக்கும் தெரியும். நோட்டீஸ் முழுக்க இருக்கேன், ஹேண்டோவர் ஒழுங்கா பண்றேன், பிஐபியை க்ளோஸ் பண்ணிடுங்க" என்றேன். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. அவருக்கும் அந்த ஸ்டேட்டஸ் ஷீட் தினமும் ஒரு தலைவலிதான் போல. பேசியதை அன்றே மெயிலாகப் போட்டு, கடைசித் தேதியோடு அவர் 'ஓகே' சொன்ன பிறகுதான் போர்ட்டலில் ராஜினாமா செய்தேன். இந்த வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் பேரம் பேச கையில் ஒன்றும் மிஞ்சாது.

கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் கடைசி நாளோடு நின்றுவிடும் என்பதால், அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்குச் சுகர், புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஃபுல் அண்ட் ஃபைனலுக்கு, அதாவது கடைசிக் கணக்கை முடித்துப் பணம் தர, நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றார்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது. நான் வெளியே வந்தது அதற்கு முன்பு. கிராஜுவிட்டிக்கு, "அஞ்சு வருஷம் ஆகலையே சார்" என்று பதில் வந்தது. தீர்ப்பின் விவரத்தை இணைத்து இரண்டு மெயில் போட்ட பிறகு பணம் வந்தது.

புதுக் கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் என்ன கேட்பார்களோ என்று ஒரு வாரம் வயிறு கலங்கியது. பழைய கம்பெனி ஹெச்ஆரில் இருந்த தோழி அப்புறம் சொன்னார்: எம்ப்ளாயி நம்பர் சரியா, கடைசித் தேதி சரியா என்று இரண்டே கேள்விதான் கேட்டார்களாம்.