டர்ன் பேஸ்டா ரியல் டைமா? ராத் ஆஃப் தி ரைட்டியஸ்ல ரெண்டையும் ஆடிப் பாத்தாச்சு

நான் சுத்தமான டர்ன் பேஸ்டு கட்சி, அதாவது ஒருத்தர் அடிச்சு முடிச்சாத்தான் அடுத்தவர்னு முறை வச்சு ஆடுற சண்டை. ரியல் டைம்னு ஸ்பேஸ் பார் தட்டி நிறுத்தி நிறுத்தி ஆடுற பழைய ஆர்பிஜி (ஒரு பாத்திரமா மாறி ஆடுற கதை கேம்) எல்லாம் எனக்கு ஆகாது, ஆறு பேரும் ஒரே நேரத்துல ஓட ஆரம்பிச்சா யாரு யார அடிக்கிறாங்கன்னே புரியாதுன்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு திரிஞ்சவன். ஆவுல்கேட் கம்பெனி 2021ல விட்ட பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸ் கேம நான் வாங்குனதே அதுல டர்ன் பேஸ்டு மோடு இருக்குன்னு கேள்விப்பட்டுதான். நூறு மணி நேரத்துக்கு மேல ஆடி முடிச்சிட்டு யோசிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ரியல் டைம்லயே ஓட்டிருக்கேன். எனக்கே கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.

கதைய பத்தி அதிகம் சொல்லல, ஊருல திருவிழா நடக்கும்போது பூதக்கூட்டம் வந்து அடிச்சு நொறுக்கும், நீங்க படைய திரட்டி திருப்பி அடிக்கணும், அவ்ளோதான். விஷயம் சண்டையில இருக்கு.

இதோட ரூல்ஸ் எல்லாம் பாத்ஃபைண்டர் முதல் எடிஷன், அதாவது மேசைய சுத்தி உக்காந்து 20 பக்க பகடை உருட்டி ஆடுற ஆட்டத்துல இருந்து எடுத்தது. அங்க ஒரு ரவுண்டுன்னா கதைக்குள்ள 6 செகண்டு, அதுக்குள்ள ஒவ்வொருத்தரும் வரிசையா தன் முறைக்கு ஆடணும். ரியல் டைம்ல அந்த 6 செகண்டு எல்லாருக்கும் ஒண்ணா ஓடும், பகடை உள்ளுக்குள்ள உருண்டுகிட்டே இருக்கும், 1998ல வந்த பால்டர்ஸ் கேட் கேம் பண்ணுன அதே வித்தை. கணக்கு ஒண்ணுதான், ஆனா கண்ணுக்கு தெரியுறது வேற. உதாரணத்துக்கு, நின்ன எடத்துலயே நின்னா ஒரு ரவுண்டுல மூணு நாலு அடி அடிக்கிற ஆளு, கொஞ்சம் தள்ளி நடந்து போனா ஒரே அடிதான் அடிக்க முடியும். டர்ன் பேஸ்டுல இது பளிச்சுன்னு தெரியும், ஒரு அஞ்சடி மட்டும் நகந்துட்டு முழு அடியும் அடிக்கலாமான்னு உக்காந்து யோசிக்கலாம். ரியல் டைம்ல உங்க ஆளு ஓடுறவன் பின்னாடியே ஓடி ஓடி பாதி அடிய வீணாக்கிட்டு இருப்பான், உங்களுக்கு தெரியவே தெரியாது.

ஆரம்பத்துல ஷீல்டு மேஸ்னு ஒரு பாதாளம் வரும், அங்க ஒரு மூலையில தண்ணி எலிமென்டல், அதாவது தண்ணியே உருவமான ஜந்து ஒண்ணு நிக்கும், அந்த லெவலுக்கு அது ரொம்ப ஓவர். நம்ம கூட்டாளி சீலா முன்னாடி நின்னு அடி வாங்க, இன்னொரு கூட்டாளி லான் பின்னாடி இருந்து அம்பு விட, ஒரு அம்பு மிஸ் ஆனாலும் வயித்துல புளி கரைக்கும், அடுத்த முறை அந்த எலிமென்டலோடதுதான்னு வரிசையில தெரியும்போது வர்ற பயம் இருக்கே, அது டர்ன் பேஸ்டுல மட்டும்தான் வரும். ஜெயிச்சப்போ இதுதாண்டா சண்டைன்னு தோணுச்சு.

அப்புறம்தான் ஆரம்பிச்சுது வினை. இந்த கேம்ல சண்டை ஒண்ணு ரெண்டு இல்ல, கதவ தொறந்தா நாலு பூதம், திரும்புனா நாலு பூதம். நம்ம பக்கம் ஆறு பேரு, கூட வளர்ப்பு மிருகம், மந்திரத்துல வரவச்சது வேற. ஒவ்வொண்ணா நடந்து வந்து அடிச்சு மிஸ் பண்ணி, அடுத்தது நடந்து வந்து மிஸ் பண்ணி... முதல் ரவுண்டுலயே முடிவு தெரிஞ்ச சண்டைக்கு பத்து நிமிஷம் ஏன் உக்காரணும்? ஒரு நாள் கடுப்புல ரியல் டைமுக்கு மாத்துனேன், அரை நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. சண்டை நடுவுலயே மாத்திக்கலாம், ஒரே பட்டன். அன்னிக்கு வரைக்கும் அந்த பட்டன நான் தொட்டதே இல்ல.

பால்டர்ஸ் கேட் 3ல ஏன் இந்த அலுப்பு வரலன்னு அப்போதான் உறைச்சுது. அங்க பார்ட்டி நாலே பேரு, சண்டை எண்ணிக்கையும் கம்மி, மேடு பள்ளம் வெடிக்கிற பீப்பாய்னு ஒவ்வொண்ணையும் டர்ன் பேஸ்டுக்குன்னே செதுக்கி வச்சிருப்பாங்க. இங்க ரூல்ஸ் டர்ன் பேஸ்டுக்கு பொறந்தது, ஆனா கூட்டம் கூட்டமா எதிரி வைக்கிறது ரியல் டைம் பழக்கம். அதனால எந்த ஒரு மோடுல மட்டும் ஆடுனாலும் பாதி கேம் உறுத்தும். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2ன்னு இன்னொரு கேம்ல 2019ல டர்ன் பேஸ்டு மோடு சேத்தப்போ ஆட்டம் ஆரம்பிக்கும்போதே எதுன்னு முடிவு பண்ணிடணும், நடுவுல மாத்த முடியாது. அந்த ஒரு விஷயத்துலயே ராத் எங்கயோ போயிருச்சு.

ரியல் டைம்னா விரல் வேகம் வேணும்னு பயப்படாதீங்க, இதுல வேண்டியது கவனம் மட்டும்தான். அது எனக்கு இல்லங்குறது லெப்பர்ஸ் ஸ்மைல் குகையில தெரிஞ்சுது. வெஸ்கவோர்னு பூச்சிக்கூட்டம், அது கிட்ட வந்தா நம்ம ஆளுங்களுக்கு புத்தி கலங்கிடும். நான் ரியல் டைம்ல விட்டுட்டு தண்ணி குடிக்க போயிட்டேன், வந்து பாத்தா சீலா நம்ம இன்னொரு கூட்டாளி எம்பரையே வெட்டிட்டு நிக்கிறா. கேமத்தான் திட்டுனேன், ஆடத் தெரியாதவளுக்கு கூடம் கோணல். பழைய சேவ லோடு பண்ணி டர்ன் பேஸ்டு போட்டு, எரிக்கிற மந்திரம் நம்மாளுங்க மேல படாத எடமா பாத்து பாத்து வச்சு தாண்டுனேன்.

படைய வச்சு ஆடுற க்ரூசேடு சண்டை தனியா இருக்கு, அது டர்ன் பேஸ்டு மட்டும்தான், எனக்கு புடிக்கல. செட்டிங்ஸ்ல ஆட்டோல விட்டுடலாம். சண்டைக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கா பஃப், அதாவது பலம் கூட்டுற மந்திரம் போடுறது எந்த மோடா இருந்தாலும் கொடுமைதான்.

வாங்குறவங்க முதல் வேலையா ஆட்டோ பாஸ் செட்டிங்ஸ் போயி எதிரி கண்ணுல பட்டா, நம்மாளு விழுந்தா கேம் தானா நிக்குற மாதிரி வச்சுக்கங்க. நான் இப்போ டேரிங்ங்குற கஷ்ட லெவல்ல மறுபடி ஆரம்பிச்சிருக்கேன். பாதாளத்துல பாதிய ரியல் டைம்ல ஓட்டிட்டு, அந்த தண்ணி எலிமென்டல் ரூம் கதவுக்கு முன்னாடி டர்ன் பேஸ்டு ஆன் பண்ணிட்டு நிக்கிறேன்.