ஏசி சர்வீஸ்: வாட்டர் வாஷ் ஓகே, கேஸ் சார்ஜுக்கு ஒரு நிமிஷம் நில்லுங்க

சென்னையில் வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டுக்கே வந்து செய்யும் ஏசி சர்வீஸ் பொதுவாக மூன்று விதம்: டிரை சர்வீஸ், தண்ணீர் அடித்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ், குளிர்விக்கும் வாயுவை ஏற்றும் கேஸ் சார்ஜ். 1.5 டன் ஸ்ப்ளிட் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் இருப்பதுதான் கொடுத்த காசுக்கு ஏற்ற வேலை.

டிரை சர்வீஸ் என்பது ஃபில்டரைக் கழற்றித் தட்டி, மேலே துணி போட்டுத் துடைப்பது. அதை 15 நாளுக்கு ஒருமுறை குழாயடியில் நீங்களே செய்துவிடலாம்.

வாட்டர் சர்வீஸில் பார்க்க வேண்டிய இடம் ப்ளோயர். காற்றைக் குளிர்விக்கும் காயிலைப் பளிச்சென்று கழுவிவிட்டு, அடியில் சுற்றும் அந்த நீள உருளையை விட்டுவிடுவார்கள். காற்று வெளியேறும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள்: உருளையின் மெல்லிய இறக்கைகளில் கறுப்பாக அப்பியிருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அடுத்தது டிரெயின், அதாவது தண்ணீர் வெளியேறும் வழி. உள்ளே தண்ணீர் சொட்டுகிற வீடுகளில் பெரும்பாலும் காயிலுக்கு அடியில் தண்ணீர் சேரும் டிரேயின் ஓட்டையில் வழவழவென்று பாசி அடைத்திருக்கும். கிளம்பும் முன் டிரேயில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வெளியே பைப்பில் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அவுட்டோரைக் கழுவும்போது தண்ணீர் ஃபின்னுக்கு (காயிலின் மெல்லிய தகடுகளுக்கு) நேராகப் பட வேண்டும். சாய்த்து அடித்தால் ஃபின் மடங்கி, காற்று போகும் வழியே அடைபடும். மாடி ஏற வேண்டும் என்பதற்காகவே அவுட்டோரைத் தவிர்ப்பவர்களும் உண்டு.

இனி கேஸ் விவகாரம். காயிலில் ஐஸ் கட்டினால் உடனே "கேஸ் கம்மி சார்" என்று வரும். பொறுங்கள். ஃபில்டரோ ப்ளோயரோ அடைத்தாலும் ஐஸ் கட்டும். அப்போது காற்று பலவீனமாக வரும், காயில் முழுக்கப் பனி பரவியிருக்கும். கேஸ் குறைந்தால் காற்றின் வேகம் குறையாது, குளிர்ச்சிதான் இருக்காது. காயிலின் ஒரு ஓரத்திலும், அவுட்டோரில் மெல்லிய பைப் சேரும் நட்டிலும் மட்டும் பனி படியும்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. முதல் சந்தேகம் பைப்புகளை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகள் மேல்தான்: உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றித்தான் தேட வேண்டும். லீக்கை அடைக்காமல் டாப்-அப் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

லீக்கை அடைத்த பிறகு, பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் குறைந்தது 20 நிமிடம் ஓட வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு "வேக்குவம் ஆச்சு" என்பவரை நம்ப வேண்டாம். கேஸை எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று அவுட்டோர் லேபிளில் இருக்கும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தம் காட்டும் கேஜ் மட்டும் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்பு. பழைய ஏசிகளின் ஆர்22 கேஸ் சுமார் 60-70 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடும். புதிய ஏசிகளில் வரும் ஆர்32 அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கில் ஓடும். இந்த வித்தியாசம் தெரியாத கை உங்கள் ஏசியைத் தொட வேண்டாம். ஆர்32 தீப்பற்றக்கூடியது என்பதால் உள்ளே கேஸ் இருக்கும்போது வெல்டிங் வைக்கவே கூடாது.

பழைய நான்-இன்வெர்ட்டரில் அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் 'ம்ம்' என்று முனகி நின்றுவிடுகிறது என்றால் கம்ப்ரசர் போய்விட்டது என்று தலையில் கை வைக்காதீர்கள். முதலில் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தலை உப்பியிருந்தால் அதுதான் வில்லன், விலையும் சில நூறு ரூபாய்தான். மேலே அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் குறைந்தபட்ச டெம்பரேச்சரில் 15 நிமிடம் ஓட விட்டு, காற்று உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் தெர்மாமீட்டர் வையுங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம். கேஸ் ஏற்றியிருந்தால் எந்த கேஸ், எத்தனை கிராம், லீக் எங்கே இருந்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 'கேஸ் ஃபில்லிங்' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், இரண்டு மாதத்தில் மறுபடி குளிர்ச்சி போகும்போது கேட்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.