வயிற்றுப்பிள்ளையோடு நூலகமும் மேளச்சமாவும்

முதலில் கதிரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதம் தாண்டிய பிறகு ஓர் இடம் நல்லதா இல்லையா என்பதை நான் கதிரையை வைத்துத்தான் தீர்மானிக்கிறேன். அடுத்தது மலசலகூடம். புத்தகமும் மேளமும் அதற்குப் பிறகுதான். கிளிநொச்சியில் எங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் போய்வரக்கூடிய இரண்டு இடங்களை இந்தக் கணக்கிலேயே எழுதுகிறேன். ஒன்று பொது நூலகம், மற்றது ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழா.

நூலகம் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. போருக்குப் பிறகு கட்டிய கட்டடம், உயரமான கூரை, நல்ல காற்று. அங்கத்துவப் படிவத்தில் கிராம சேவகர் கையொப்பம் வைக்க வேண்டும். அதற்கு ஒரு காலைப் பொழுது போய்விடும். ஆனால் அது ஒரு தடவை வேலைதான். காப்புப்பணம் சிறிய தொகை. இரவல் பகுதியில் ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம் தருகிறார்கள், இரண்டு கிழமை வைத்திருக்கலாம். பங்குனி, சித்திரை வெயிலில் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே இருக்க முடியாமல்தான் நான் அங்கே போகத் தொடங்கினேன். யன்னலோர மின்விசிறிக்குக் கீழே பத்திரிகை மேசை. அந்த இடத்துக்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

கதிரைக்குக் கொடுக்க மாட்டேன். வாசிப்பு மண்டபத்தில் இருப்பவை எல்லாம் நேர்முதுகு மரக்கதிரைகள். கொஞ்ச நேரத்திலேயே நாரி பிடித்துவிடும். நூலகர் அக்கா நான் நெளிவதைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய சில்லுக் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து தந்தார். நல்ல மனம், ஆனால் அடுத்து வரும் கர்ப்பிணிக்கும் அவர் அப்படியே எழும்பி நிற்க முடியுமா? மெத்தை போட்ட சாய்வுக் கதிரை ஒன்றிரண்டு வாங்கிப் போடலாம்.

மலசலகூடம் சுத்தம், அதில் குறை இல்லை. ஆனால் பின்வளவில் இருக்கிறது, பூட்டியிருக்கிறது, திறப்பு காவலாளியின் சட்டைப்பையில். பத்து மணித் தேத்தண்ணிக்கு அவர் வெளிக்கிட்டால் திறப்பும் அவரோடு போய்விடும். வயிற்றில் பிள்ளை கீழிறங்கி அழுத்துகிற நாட்களில் இது பகிடி இல்லை.

புத்தகங்களுக்கு வருவோம். கதைத் தட்டில் பாதியை இந்தியாவில் அச்சான தடித்த தொடர்கதை நாவல்கள் பிடித்திருக்கின்றன. சாதாரண நாளில் விரும்பி எடுப்பேன். இப்போது இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கை தலையணைக்குக் கீழே போய்விடும், மற்றக் கையால் எண்ணூறு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க ஏலாது. வயிற்றில் நிறுத்தி வைத்தால் உள்ளே இருப்பவர் உதைத்துத் தள்ளுகிறார். ஆகவே மெல்லிய சிறுகதைத் தொகுப்பு, கவிதை, சஞ்சிகை. சிறுவர் பகுதியையும் விடவேண்டாம். பெரிய எழுத்து, பாரமில்லாத புத்தகம், இரவில் நித்திரை வராத நேரத்துக்கு நல்லது.

பழைய ஈழத்து வெளியீடுகளைத் தேடிப் போனால் தட்டுகள் ஏமாற்றும். அதற்கு அந்த நூலகத்தைக் குறை சொல்ல நியாயமில்லை. 2009இல் வன்னியில் வீட்டு அலமாரிகளே மிஞ்சவில்லை. அப்பா கட்டி வைத்திருந்த மல்லிகை இலக்கிய இதழ்கள், போரில் இடம்பெயர்ந்தபோது விசுவமடுவுக்கும் சுதந்திரபுரத்துக்கும் நடுவில் எங்கோ விடுபட்டன. 1966இல் தொடங்கிய அந்த இதழை இப்போது தொலைபேசியில் வாசிக்கிறேன். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள் என்று வருடிப் போட்டிருக்கிறார்கள். காசு இல்லை, கையொப்பமும் இல்லை. தாலாட்டு, நாட்டார் பாடல் என்று தேடிப் போய், கடைசியில் நான் அதிகம் ரசிப்பது யாழ்ப்பாணத்துக் கடைகளின் பழைய விளம்பரங்களைத்தான். பகலிலே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்துச் சிக்னலை நம்ப முடியாது.

இனி மேளம், அதாவது நாதஸ்வரமும் தவிலும். ஆனி மாதத் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நாலு கூட்டு மேளம் பிடித்திருந்தார்கள். சுவாமி வெளிவீதிக்கு வரும்போது மல்லாரி; பிறகு தெற்கு வீதியில் சுவாமியை நிறுத்திவிட்டுச் சமா, அதாவது மேளக் கச்சேரி. நுழைவுச்சீட்டு கிடையாது. இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் கலைஞர்கள் நாலு அடி தூரத்தில் வாசிக்கிறார்கள் என்றால் வேறு என்ன வேண்டும்? எங்கள் அப்பப்பா, தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நேரில் கேட்டவர். தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானதற்குப் பிறகு கேட்டதெல்லாம் தவிலே இல்லை என்பது அப்பப்பாவின் கட்சி. எனக்கு அந்தத் தொல்லை இல்லை, கிடைத்ததை ரசிக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு மேல் பிள்ளைக்கு வெளிச் சத்தம் கேட்கும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். வயிற்றைத் தாண்டும்போது கீச்சென்ற சத்தம் மங்கிவிடும், கனத்த சத்தம் நன்றாக உள்ளே போகும். அப்படிப் பார்த்தால் நாதஸ்வரம் எனக்கு, தவில் பிள்ளைக்கு. அதிலும் கூடு போட்ட விரல்கள் விளையாடுகிற வலந்தரையை விட, கழியால் அடிக்கிற தொப்பிப் பக்கம்தான் அவருடைய பங்காக இருக்க வேண்டும். தவில் தனி தொடங்கியதும் சட்டைக்கு மேலே தெரிகிற அளவுக்குத் துள்ளல். “ரசிக்கிறார்” என்றார் என் கணவர். அது ரசனையா, எரிச்சலா என்று நான் எழுத மாட்டேன். துள்ளினார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இங்கே கதிரை நாங்கள் கொண்டுபோனது. மணலில் இருந்துவிட்டு எழும்ப இரண்டு பேர் வேண்டும், அதனால் வீட்டு பிளாஸ்டிக் கதிரையை ஓட்டோவில் ஏற்றினோம். சுவாமிக்கு முன்னால் கதிரையில் இருப்பதா என்று மாமிக்குக் கூச்சம். தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால், வேம்புக்குக் கீழே போட்டுத் தந்தார். அதுவே நல்ல இடம்: ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குத் தூரம், மோருக்குக் கிட்ட. மோரில் உப்பு அளவாக இருந்தது, இஞ்சி போதாது. இருட்டில் வெளிக்கிடுகிறேன் என்று கைப்பையில் மாமி செருகிய வேப்பிலையும், பசிக்கு வைத்துத் தந்த திரிபோஷா சத்துமா உருண்டையும் தனிக்கதை.

சமா முடிந்ததும் மேடையில் சினிமாப் பாட்டு இசைக்குழு. அதற்கு நட்சத்திரமே இல்லை. ஆள் உயரப் பெட்டிகள், நெஞ்சுக்கூட்டை உலுக்குகிற அதிர்வு. பக்கத்தில் இருப்பவரோடு கத்திக் கதைக்க வேண்டி வந்தால் எழும்பிப் போய்விடு என்று மிட்வைஃப் மிஸ் சொல்லியிருந்தார். முதல் பாட்டிலேயே எழும்பினோம். தேரன்று சனநெரிசலுக்குப் பயந்து போகவே இல்லை.

சத்தம் வேண்டாம், இசை வேண்டும் என்கிறவர்களுக்கு இதே கோயிலில் இன்னொன்று இருக்கிறது: மார்கழியில் திருவெம்பாவைக் காலத்துப் புராணப் படிப்பு. ஒருவர் பாட்டை இராகத்தோடு இழுத்து வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார். ஒலிவாங்கி இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும். வாசிப்பும் கச்சேரியும் ஒரே இடத்தில். எனக்கு அப்போது சத்தி எடுக்கிற மாதம். சாம்பிராணிப் புகை தாங்காமல் வெளித் திண்ணையில் இருந்துதான் கேட்டேன். அங்கேயும் தெளிவாகவே கேட்டது.

இப்போது திகதி கிட்டுகிறது, கையில் இரண்டு இரவல் புத்தகம். ஆஸ்பத்திரியில் நிற்கும்போது தவணை முடிந்தால் தண்டப்பணம் வருமா என்று நூலகர் அக்காவிடம் கேட்டேன். “போன் எடுத்துச் சொல்லுங்கோ தங்கச்சி, நான் திகதியை மாத்திப் போட்டுவிடுறன். புத்தகத்தை மட்டும் வார்ட்டிலை விட்டிட்டு வந்திடாதேங்கோ” என்றார்.