மான்ட்கோமரி லெகசி அருங்காட்சியகம்: அவசியம் போய்ப் பாருங்கள்

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துப் பக்கம் போகிறவர்கள், கறுப்பினத்தவர் அடிமைகளாகவும் அதன்பிறகும் பட்ட பாட்டைச் சொல்லும், மான்ட்கோமரியில் இருக்கும் லெகசி அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள். டிக்கெட் 5 டாலர்தான். அதே டிக்கெட்டில் கும்பல் கொலையில் இறந்தவர்களுக்கான நினைவிடத்தையும் சிற்பப் பூங்காவையும் பார்க்கலாம், நடுவில் போய்வர பஸ்ஸும் விடுகிறார்கள்.

முன்பு அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பஞ்சுக் கிடங்கு இருந்த இடம் அது. இருட்டான கூண்டுகளுக்குள் நிழலுருவமாக நின்று அடிமைகள் பேசுகிறார்கள், கிட்டே போனால்தான் குரல் கேட்கும். அதைவிட என்னை உலுக்கியது மண் ஜாடிகள். கும்பல் கொலை நடந்த இடங்களில் அள்ளிய மண், ஒவ்வொரு ஜாடியிலும் கொல்லப்பட்டவரின் பெயர், ஊர், தேதி. ஒன்றில் செம்மண், பக்கத்தில் கருப்பு மண், அப்புறம் வெறும் மணல்.

நினைவிடம் 2018இல் திறந்தது. 1877 முதல் 1950 வரை அப்படிக் கொல்லப்பட்ட 4,400க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவருக்காக, கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒன்றாக 800க்கும் அதிகமான இரும்புத் தூண்கள். முதலில் நம் கண்ணுக்கு நேராக இருக்கும், நடக்க நடக்கத் தரை இறங்கிக்கொண்டே போக, தூண்களெல்லாம் தலைக்கு மேலே தொங்கும். ஏன் கொன்றார்கள் என்பதையும் சுவரில் எழுதியிருக்கிறார்கள். ஜெஸ்ஸி தோர்ன்டன் என்பவரை 1940இல் கொன்றது, ஒரு வெள்ளைப் போலீஸ்காரரை 'மிஸ்டர்' போடாமல் கூப்பிட்டதற்காக.

இதையெல்லாம் வக்கீல் பிரையன் ஸ்டீவன்சனின் ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் அமைப்புதான் கட்டியது. அதே ஊரில், சட்டசபைக்குப் பக்கத்திலேயே, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் 1861இல் குடியிருந்த வீட்டை மாநில அரசு பணம் கொடுத்துப் பராமரிக்கிறது. அவர் பிறந்தநாளுக்கு ஜூனில் அரசு விடுமுறை. ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாளிலேயே அந்தத் தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீக்கும் சேர்த்து விடுமுறை! ஆனால் கறுப்பினத்தவர் பட்டதைப் பேசினால் மட்டும் பழசைக் கிளறாதே, பிள்ளைகள் மனம் நோகும் என்கிறார்கள். 2024இல் அலபாமாவில் 'பிளவுபடுத்தும் கருத்துகள்' என்று பட்டியல் போட்டு அரசுப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்த ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். வரலாற்றை நடுநிலையோடு சொல்லலாம் என்று அதில் விலக்கு இருக்கிறது, சரி, ஆனால் எது நடுநிலை என்று யார் முடிவு செய்வது? எங்கே சிக்குவோமோ என்று பயந்துகொண்டே ஒருவர் எப்படிப் பாடம் நடத்துவார்? பேராசிரியர்கள் சிலர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். லீக்கு விடுமுறை விடுவது யாரையும் பிளவுபடுத்தாது, தோர்ன்டன் கதையைச் சொல்வது பிளவுபடுத்தும் என்றால் அது அப்பட்டமான ஓரவஞ்சனை.

அதனால் டேவிஸ் வீட்டையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் நான் சொல்வது முழுசாகப் புரியும்.

அருங்காட்சியகத்துக்குள் போட்டோ எடுக்க விடமாட்டார்கள். படிக்க ஏராளமாக இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். வளர்ந்த பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம், கேள்வி கேட்பார்கள், கூடவே நின்று பதில் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.