349 ரூபாய் ஹெட்லைட் ஃபிலிம்: ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

காரின் ஹெட்லைட்டுக்கு வீட்டிலேயே ஸ்மோக் ஃபிலிம் (புகை நிற பிளாஸ்டிக் தாள்) ஒட்டலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். எனக்கு 349 ரூபாயில் ஆரம்பித்த ஆசை 5,000 ரூபாயைத் தாண்டித்தான் அடங்கியது.

வண்டி 2014 மாடல் ஆல்டோ. பத்து வருடம் மதுரை வெயிலில் நின்று இரண்டு விளக்கும் மஞ்சளடித்துப் போயிருந்தன. மச்சான் வண்டியில் லேசான புகை நிறத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் சபலம் தட்டியது. மஞ்சளும் மறையும், வண்டியும் கெத்தாகத் தெரியும். ஆன்லைனில் தேடினேன். "ஹெட்லைட் ஸ்பெஷல், யூவி பாதுகாப்பு, 3 வருட கேரண்டி" என்று போட்டிருந்தது. வாங்கிவிட்டேன்.

வந்தது ஹெட்லைட் ஃபிலிமே இல்லை, ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டுகிற சன் ஃபிலிம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, பழைய ஏடிஎம் கார்டால் தள்ளித் தள்ளி, வீட்டு ஹேர் டிரையரை ஒரு மணி நேரம் ஓட்டியும் ஓரங்களில் விசிறி மடிப்பு மாதிரி சுருக்கம் நிற்கிறது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்புகிறது. ஹெட்லைட்டுக்கான ஃபிலிம் சூடு காட்டினால் ரப்பர் போல இழுபடும், அதனால்தான் வளைவில் உட்காரும். சன் ஃபிலிம் பாலியஸ்டர், இழுபடாது. பார்சல் வந்ததும் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி இழுத்துப் பாருங்கள். சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டு நீளாமல் விறைப்பாக நின்றால், ஒட்டாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

விற்றவருக்கு போன் செய்தேன். "ஹீட் பத்தலண்ணே" என்றார். அப்புறம், "ஃபிலிமை விடுங்க, நம்மகிட்ட ஸ்மோக் ஸ்ப்ரே இருக்கு, 280 ரூபா. கம்பெனி ஃபினிஷ் வரும். பிடிக்கலைன்னா துணியால துடைச்சா போயிரும்" என்றார். போலீஸ் பிடிக்காதா என்று கேட்டதற்கு, "லாரி ஹெட்லைட்ல போலீஸே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுறாங்களேண்ணே" என்று சிரித்தார். நானும் தலையாட்டினேன். ஆனால் லாரியில் போலீஸ் ஒட்டுவது எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க நடுவில் மட்டும் வைக்கிற பொட்டு. இந்த ஸ்ப்ரேயோ விளக்கு மொத்தத்தையும் மூடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. இதையெல்லாம் பிறகுதான் படித்தேன்.

ஃபிலிமை உரித்துவிட்டு ஸ்ப்ரே அடித்ததும் பகலில் பார்க்க நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்த வாரம் இரவில் தேனிக்குக் கிளம்பினேன். இந்த வண்டியில் இருப்பது 60/55 வாட் ஹாலோஜன் பல்பு, டிம்மில் 55 வாட்தான். ஏற்கெனவே மஞ்சள் பூத்த விளக்கு, அதன் மேல் மூன்று கோட் புகை. உசிலம்பட்டி தாண்டியதும் ரோட்டோர வெள்ளைக் கோடு கூடச் சரியாகத் தெரியவில்லை. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கே இல்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் பிரேக்கை மிதித்து வண்டி நின்றபோது வைக்கோல் நுனி பானெட்டுக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அம்மா. நல்லவேளை, தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் துணியால் துடைத்தேன். அசையவே இல்லை. திரும்ப போன். "தின்னர் போட்டுத் துடைங்கண்ணே." இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். ஹெட்லைட்டின் முன்பக்கம் கண்ணாடி கிடையாது, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதற்கும் தின்னருக்கும் ஆகவே ஆகாது. துடைக்கத் துடைக்க மேற்பரப்பு பிசுபிசுத்துத் துணியில் ஒட்டியது, பிறகு பால் மாதிரி வெளுத்தது. மறுநாள் காலையில் இரண்டு விளக்கிலும் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள்.

பாலிஷ் போடுகிற மெக்கானிக் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேலாப்ல இருந்தா தேய்ச்சு எடுத்துரலாம்ணே. இது உள்ள இறங்கிருச்சு." இரண்டு விளக்கும் புதிதாக மாற்றியதில் கூலியோடு 4,400 ரூபாய். முதலிலேயே அவரிடம் போயிருந்தால் 800-இல் ஆரம்பித்து 2000 நம்பர் வரை வாட்டர் பேப்பரில் தேய்த்து, காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை போட்டு, யூவி கிளியர் கோட் அடித்துக் கொடுத்திருப்பார். மஞ்சள் போக அதுதான் வழி. டூத் பேஸ்ட் தேய்க்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். தேய்த்தவுடன் பளிச்சென்று இருக்கும், மேலே பாதுகாப்புப் பூச்சு இல்லாததால் வெயிலில் மறுபடி மஞ்சளாகிவிடும்.

விற்றவரோ, ஒட்டிப் பார்த்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று போனை வைத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். அதற்குள் விளம்பரத்தில் "ஹெட்லைட் ஸ்பெஷல்" என்பதை "மல்டி பர்ப்பஸ்" என்று மாற்றியிருந்தார்கள். வாங்கும் முன்பே மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஸ்க்ரீன்ஷாட்தான் காப்பாற்றியது, 349 ரூபாய் திரும்ப வந்தது. ஸ்ப்ரேக்கு பில் இல்லை, அவருடைய நம்பருக்கு நேராகப் பணம் அனுப்பியிருந்தேன். அந்த 280 போனது போனதுதான்.

போன வாரம் பார்த்தேன், அதே ஃபிலிம் வேறு கடைப் பெயரில் 399 ரூபாய். படத்தை மட்டும் மாற்றவில்லை. வலது ஓரம் உடைந்த நம்பர் பிளேட்டோடு ஒரு சிவப்பு வண்டி நிற்கும், அதுதான் அடையாளம்.