எல்.கே.ஜி.யா, பயிற்சிப் பெட்டியா, அடுப்படியா?

மகளுக்கு வரும் ஆவணியில் ஆறு வயது முடிகிறது. அதற்குள் மூன்று விதமான படிப்பையும் பார்த்துவிட்டாள். ஐந்து மாதம் எல்.கே.ஜி. போனாள். அப்புறம் மூன்று மாதம், கூரியரில் வரும் பயிற்சிப் பெட்டியை வைத்து வீட்டில் படித்தாள். கடந்த பதினான்கு மாதமாகப் பள்ளியும் இல்லை, பெட்டியும் இல்லை. அடுப்படி, சந்தை, கோயில், டவுன் பஸ், நூலகம் என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. "எது தேவலை?" என்று சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நான் மூன்றாவதன் பக்கம் சாய்ந்தவள். இதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எங்கள் வீட்டு நிலவரம் இதுதான்: மதுரை, ஒரே குழந்தை, கூடவே என் அத்தை, அதாவது மகளுக்கு அப்பத்தா. கணவருக்கு ஷிப்ட் வேலை. நான் வீட்டில் இருந்தபடியே ஏழெட்டுக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துத் தாக்கல் செய்கிறேன். இந்தக் கடைசி விவரம் பின்னால் தேவைப்படும்.

பள்ளியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூட விளையாடப் பிள்ளைகள் இருப்பார்கள், நேரத்துக்கு எழுந்திருக்கும் பழக்கம் வரும், வீட்டில் இருப்பவர்களுக்கு நான்கு மணி நேரம் கை ஓயும். எங்களுக்கு ஒத்துவராமல் போனது வீட்டுப்பாடம். நான்கு வயது முடிந்தும் முடியாத பிள்ளைக்குத் தினமும் இரண்டு பக்கம் எழுத்து. பென்சிலைப் பிடித்தபடியே தூங்கிப்போன நாட்கள் உண்டு. டீச்சரைக் குறை சொல்லமாட்டேன். "நோட்டில் ஒன்றுமே எழுதலையே" என்று கேட்டுக்கொண்டு வாசலில் நின்றவர்களும் எங்களைப் போன்ற பெற்றோர்தான். அங்கன்வாடியில் நாங்கள் சேர்க்கவில்லை, அதனால் அதை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. காசில்லை, மதியச் சாப்பாடு உண்டு, முட்டை உண்டு. மகளுக்கு இப்போதுதான் மூன்று வயது என்றால் முதலில் அங்கேதான் எட்டிப் பார்ப்பேன்.

பெட்டி மாதம் 1,800 ரூபாய். பிரித்ததும் கை பரபரக்கும்: வண்ண அட்டை, மர எழுத்து, துணிக் கடிகாரம், நாளுக்கொன்று என்று 20 செயல்பாடு. எல்லாம் நல்ல சாமான்கள்தான். அடுத்து என்ன என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வரிசை போட்டே வந்துவிடும். அதுதான் அதன் பெரிய பலம். இரண்டாவது மாதத்தில் 'அளத்தல்' என்று ஒரு செயல்பாடு வந்தது. சாயம் போட்ட அரிசியை ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் அள்ளி இன்னொன்றில் கொட்ட வேண்டும். கூடத்தில் நான் அதை விரித்து வைத்திருக்கும்போது அடுப்படியில் அத்தை இட்லிக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். மகள் சாய அரிசியை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். "பாடம் முடியல, இங்க வா" என்று நான் கூப்பிட்டேன். அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பெட்டிக்கு முன்பணம் கட்டியிருந்ததால் அது வந்தது. நான்காவதை நான் வாங்கவில்லை.

அத்தையிடம் ஆழாக்கு, உழக்கு, உரி, படி நான்கும் பித்தளையில் இருக்கின்றன. அவர் அம்மா வீட்டுச் சீதனம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் அரிசியை மாற்றி மாற்றிக் கொட்டி, பாதியைத் தரையில் சிந்தி, படிக்குள் எட்டு ஆழாக்குப் போகும் என்று அவளே வந்து சொன்னாள். இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து. "அப்ப எட்டு அரிசி போட்டா?" என்று அத்தை கேட்பார். முதல் நாள் தப்பு, இரண்டாம் நாள் தப்பு, மூன்றாம் நாள் விரலை விடாமலே இரண்டு என்றாள்.

போன விநாயகர் சதுர்த்திக்கு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். முக்குறுணிப் பிள்ளையாருக்கு அன்று 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. வீட்டுப் படியைத் தூக்கிப் பழகிய பிள்ளைக்கு 18 படி என்றால் எவ்வளவு என்று கை அறியும், வாயைப் பிளந்தாள். குறுணிக்கு ஆறு படி, மூன்று குறுணி சேர்ந்தது முக்குறுணி என்று அத்தை கணக்குச் சொன்னார். வீட்டுக்கு வந்து வெறும் படியால் 18 தடவை காற்றை அளந்து பெரிய அண்டாவில் கொட்டினாள், ஆறு ஆனதும் ஒரு புளியங்கொட்டை வைத்துக்கொண்டு. அந்தப் பிள்ளையார் வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டும்போது மண்ணுக்குள் கிடைத்தவர் என்று சொல்வார்கள் என்றேன். மறுநாளே தெப்பக்குளம் போக வேண்டும் என்று பிடிவாதம். அங்கே போய் நின்று, "இவ்வளவு மண்ணையும் எங்கம்மா போட்டாங்க?" என்றாள். திருமலை நாயக்கர் மஹாலுக்குச் செங்கல் அறுக்க எடுத்த மண் என்று ஊரில் சொல்வதைச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் மஹால். அந்தத் தூண்களைக் கட்டிப்பிடிக்க அவள், நான், அவள் அப்பா மூன்று பேரும் கை கோத்துப் பார்த்தோம், எட்டவில்லை. இட்லி அரிசியில் தொடங்கி மஹால் தூண் வரை மூன்று வாரம் போயிற்று. நான் திட்டமிட்டது அதில் ஒன்றுகூட இல்லை.

தமிழ் எழுத்து வந்தது பஸ் போர்டில். பெரியார் நிலையத்தில் நின்றால் திருநகர், திருப்பரங்குன்றம், திருமங்கலம் என்று எல்லாமே 'திரு'வில்தான் தொடங்கும். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு நம்ம பஸ் என்று ஓடினால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்பதால் மூன்றாவது எழுத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம். ந, ப், ம மூன்றும் அவளுக்கு அப்படித்தான் பிரிபட்டன. மார்கழியில் கோலம். ஏழு புள்ளி, நான்கு வரை, ஊடுபுள்ளி. எல்லாப் புள்ளியையும் எண்ணினால் 37. முப்பதுக்கு மேல் எண்ண அவள் பழகியது வாசலில்தான்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் எல்லாரும் ஏன் செய்யவில்லை? காசு காரணமில்லை. 'நமக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா' என்ற பயமும் உண்மையான காரணமில்லை, இந்த வயதுக்கு நாம் அறிந்ததே போதும். காரணம் ஒன்றுதான்: இப்படிச் செய்தால் வீட்டில் எந்த வேலையும் வேகமாக முடியாது.

பத்து நிமிடத்தில் அரிசி களைந்து ஊறப்போடுவேன். அவள் அளந்தால் நாற்பது நிமிடம், அப்புறம் தரையைக் கூட்ட இன்னொரு பத்து. அரை மணியில் காய் வாங்கி வந்துவிடுவேன். அவள் கத்தரிக்காயைத் தராசில் வைத்து, கால் கிலோவுக்கு எத்தனை வந்தது என்று எண்ணி, சில்லறையை வாங்கிச் சரிபார்த்தால் ஒன்றரை மணி நேரம். காய்க்காரம்மா பொறுமைசாலி, ஆனால் பின்னால் நிற்பவர்கள் அப்படியில்லை. துணி மடிப்பது, வெங்காயம் உரிப்பது, பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று எதை எடுத்தாலும் இரட்டிப்பு, சில சமயம் மும்மடங்கு.

பள்ளியும் பெட்டியும் நேரம் கேட்காமல் இல்லை. எல்.கே.ஜி. நாட்களில் கிளப்பி அனுப்பக் காலையில் ஒரு மணி நேரம், வீட்டுப்பாடத்துக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் போனது. பெட்டிக்கு நாளுக்கு முக்கால் மணி நேரம், பிடித்து உட்காரவைக்கும் நேரம் தனி. ஆனால் அவை நம் வேலைக்கு வெளியே நிற்கும் நேரங்கள். தொடங்கும், முடியும், அப்புறம் நம் வேலையை நம் வேகத்தில் பார்க்கலாம். மூன்றாவது வழியில் தனி நேரமே கிடையாது, எல்லா வேலையும் இழுபடும். நாள் முழுக்க மெல்ல நடக்கத் தோதுப்பட்ட வீட்டுக்கு இது கரும்பு. தோதுப்படாத வீட்டில் மூன்றாம் நாளே கத்தல் தொடங்கிவிடும்.

எனக்கே மாதத்தில் சில நாள் தோதுப்படாது. 11-ஆம் தேதி ஒரு தாக்கல், 20-ஆம் தேதி இன்னொன்று. போன தையில் ஒரு கடைக்காரர் மொத்த பில்லையும் 19-ஆம் தேதி ராத்திரிதான் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் அத்தையும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்று மகள் கையில் ஐந்து மணி நேரம் போன் இருந்தது. நடுவில் வந்து, "அரிசி அளக்கவா?" என்று கேட்டாள். "இன்னைக்கு எதையும் தொடாதே" என்றேன். பள்ளியில் இருந்திருந்தால் அந்த நாள் அவளுக்கு இதைவிட நன்றாகப் போயிருக்கும், இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

அதனால் யோசிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: பள்ளியை நிறுத்துவதற்கு முன் விடுமுறையில் ஒரு வாரம் எல்லா வேலையையும் பிள்ளையோடு சேர்ந்து செய்து பாருங்கள். எத்தனை தடவை கத்தினீர்கள் என்று காலண்டரில் கோடு போடுங்கள். எனக்கு முதல் வாரம் பதினொரு கோடு, ஒரு மாதம் கழித்து மூன்று. குறையாமல் அப்படியே நின்றால் பள்ளியே நல்லது. இருவரும் காலையில் போய் மாலையில் திரும்பும் வீட்டுக்கும் பள்ளிதான், இதில் குற்ற உணர்ச்சிப்பட ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அத்தை மட்டும் இல்லையென்றால் இந்தப் பதினான்கு மாதம் நான்கு மாதத்தில் முடிந்திருக்கும்.

வெளியே கூட்டிப்போக நிறையச் செலவாகுமே என்கிறார்கள். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 முதல் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் அரசு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. தண்ணீர் பாட்டிலும் முறுக்கும்தான் செலவு. புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு மாதம் இரண்டு தடவை போகிறோம். இடங்களை அடுக்கிக்கொண்டே போவதில் பலனில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். காந்தி அருங்காட்சியகத்துக்கு முதல் தடவை போனபோது அவள் பார்த்தது மரத்தில் இருந்த அணிலை மட்டும். இரண்டாம் தடவை படிக்கட்டு. மூன்றாம் தடவைதான், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, கண்ணாடிக்குள் இருக்கும் கறை படிந்த துணியைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். 1921 செப்டம்பரில் காந்தி நம்ம ஊரில், மேலமாசி வீதியில் வைத்துத்தான் சட்டையை விட்டு அரைத் துணிக்கு மாறினார் என்று சொன்னபோது, "அந்தச் சட்டைய யார்கிட்ட குடுத்தார்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கீழடி அருங்காட்சியகம் முதல் தடவையிலேயே பிடித்துவிட்டது. காரணம் நாங்கள் வீட்டில் தாயம் ஆடுவதும், தெருவில் பாண்டி ஆடுவதும். கண்ணாடிக்குள் சுடுமண் சில்லும் தாயக்கட்டையும் இருப்பதைப் பார்த்து, "இத யாரு தொலைச்சா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சிரித்தே விட்டார்.

இனி திரும்பிப் போகும் வழி. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கானது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. போகாததால் சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை. பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், சேர்க்கையில் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நலிந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அது நுழைவு வகுப்பில்தான். எல்.கே.ஜி.யில் தொடங்கும் பள்ளியில் அந்த வருடத்தை விட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. வரும் ஜூனில் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. அதற்கு மேலும் வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அனுபவம் எனக்கில்லை, அதைப் பற்றி நான் பேசக் கூடாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து மோசம். படிக்கிறாள், ஆனால் அவள் எழுதும் 'ஐ' எங்கள் வீட்டுப் பூனை மாதிரி இருக்கிறது. ஆங்கிலம் பஸ் போர்டில் வரவில்லை. அதற்குப் பழைய பெட்டியிலிருந்த ஒலி அட்டைகளைத்தான் மறுபடி எடுத்தேன், தினம் கால் மணி நேரம் அது ஓடுகிறது. பெட்டிக்குக் கொடுத்த காசில் அந்தப் பங்கு வீணாகவில்லை. சாயங்காலம் தெருவில் விளையாட நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் முப்பது பேர் இருக்கும் அறையில் தன் முறை வரும்வரை காத்திருக்க அவளுக்கு வருமா என்பது ஜூனில்தான் தெரியும்.

அதுவரை எனக்கு மிச்சமிருக்கும் தலைவலி 20-ஆம் தேதிதான். இந்த மாதமும் பில் தாமதமாக வரும் போலிருக்கிறது என்று நேற்று அத்தையிடம் புலம்பினேன். "தாயக்கட்டைய எடுத்துக் குடுத்துட்டு நீ உன் வேலையப் பாரு" என்றார்.