சைடிங் பாதைக்கு மரக்கட்டையா, கான்கிரீட்டா?

எங்கள் ஆலையின் சரக்கு சைடிங்கை, அதாவது சரக்கு வேகன்கள் வந்து நிற்கும் கிளை ரயில் பாதையை, புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்தபோது, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையாக (ஸ்லீப்பர்) மரத்தையே திரும்பப் போடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் கான்கிரீட்டைத்தான் போட்டேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மரத்தின் நல்ல குணங்கள் தெரிந்தவைதான். நாலு பேர் சேர்ந்தால் கட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாம், அதிர்வையும் அது வாங்கிக்கொள்ளும். அகலப் பாதைக்கான கான்கிரீட் கட்டையோ ஏறக்குறைய 285 கிலோ. ஆனால் நல்ல சால் மரக் கட்டை புதிதாக இப்போது எங்கே கிடைக்கிறது?

என்னை முடிவெடுக்க வைத்தது கேஜ். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 1676 மி.மீ. இருக்க வேண்டும். மரத்தில் அதைப் பிடித்து வைப்பது டாக் ஸ்பைக் ஆணி. வளைவில் வேகன்கள் வெளித் தண்டவாளத்தைத் தள்ளத் தள்ள ஆணித் துளை அகலும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். மேலே பார்த்தால் கட்டை கெட்டியாகத் தெரியும். சுத்தியலால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். சில ஆணிகளைக் கையாலேயே உருவிவிடலாம். துளையில் மர ஆப்பு அடித்து, மறுபடி ஆணி இறக்கி, கேஜ் பார்ப்போம். அடுத்த மழைக்கு அதே கட்டையில் அதே வேலை. ஆள் குறைவான சைடிங்குக்கு இது கட்டுப்படியாகாது.

கான்கிரீட்டில் கிளிப் மாட்டுவதற்கான இரும்புத் துண்டை (இன்சர்ட்) வார்க்கும்போதே பதித்துவிடுகிறார்கள். அதில் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப்பை அடித்து ஏற்றினால் தண்டவாளம் அசையாது. கிளிப்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள லைனரும், தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ரப்பர் பேடும் தேய்ந்தால் மாற்ற வேண்டும், கிளிப்புகளைக் கழற்றி கிரீஸ் போட வேண்டும். கடலோரமாக இருந்தால் கிரீஸ் போடுவதைத் தள்ளிப்போடவே கூடாது. துருப்பிடித்த கிளிப் இன்சர்ட்டிலேயே இறுகிப்போகும்.

ஆயுள் 50 ஆண்டு என்கிறார்கள். நாங்கள் போட்டதற்கு இன்னும் அத்தனை வயதாகவில்லை, அதனால் என் அனுபவத்தில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

தடம்புரண்டால் மட்டும் மரம்தான் மேல். சக்கரம் ஏறினால் மரத்தில் வெட்டு விழும், ஆனாலும் தாங்கும். கான்கிரீட் உடைந்து உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரியும். அமெரிக்கச் சரக்குப் பாதைகளில் இன்றும் பெரும்பாலும் மரக்கட்டைதான். அங்கே ஓக் போன்ற வன்மரம் தாராளமாகக் கிடைக்கிறது. ஜல்லி இல்லாமல் இரும்பு உத்தரத்தின் மேலேயே கட்டை போடும் கர்டர் பாலம் வேறு கணக்கு. அங்கே நான் வேலை பார்த்ததில்லை.

காசை மிச்சப்படுத்த நடுநடுவே பழைய மரக்கட்டையைச் செருகாதீர்கள். மரம் அமுங்கும், பக்கத்துக் கான்கிரீட் அமுங்காது. சுமை முழுக்க அதன்மேல் விழுந்து அடியிலுள்ள ஜல்லி பொடியாகும்.